கொழும்பில் தக்காளி: முதல் முறை வைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரு பல்கனி, கொட்டாஞ்சேனையில் மொட்டை மாடி, தெகிவளையில் மதிலோரமாகக் கொஞ்சம் மண். கொழும்பில் தக்காளி வைக்க நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இவ்வளவு இடம்தான் இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் அவர்களுக்கானவை. நுவரெலியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர்களுக்கு மாதக் கணக்கு வேறு.

கொழும்புச் சூட்டில் தக்காளி காய்க்குமா?

காய்க்கும், ஆனால் எல்லா மாதமும் காய்க்காது. செடி எப்போது வைத்தாலும் வளரும், பச்சைப் பசேலென்று இலை விடும், பூக்கவும் செய்யும். பூ பிஞ்சாக மாறுவதில்தான் சிக்கல். இரவு வெப்பநிலை 24 பாகை செல்சியஸைத் தாண்டிக்கொண்டே இருந்தால் பல வகைகளில் மகரந்தம் ஒழுங்காக உருவாகாது. பூ காம்போடு மஞ்சளாகி விழுந்துவிடும். பகல் வெயிலை எல்லோரும் குறை சொல்கிறார்கள், உண்மையில் கெடுப்பது புழுக்கமான இரவுதான். ஏப்ரல், மே மாதங்களில் கொழும்பில் இரவு 24, 25 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. ஜனவரியில் 22, 23 வரை இறங்கும். ஆகவே ஜனவரி, பெப்ரவரியில் செடி பூத்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

அப்படியென்றால் எந்த மாதம் விதைப்பது?

ஒக்டோபர் கடைசி, அல்லது நவம்பர் முதல் பாதி. முளைக்க ஒரு கிழமை, நாற்றாக மூன்று நான்கு கிழமை, சாடிக்கு மாற்றியபின் பூக்க ஏறத்தாழ ஒரு மாதம். நவம்பர் தொடக்கத்தில் விதைத்தால் ஜனவரித் தொடக்கத்தை ஒட்டிப் பூ வரும். பூவிலிருந்து பழம் பழுக்க இன்னும் ஆறு ஏழு கிழமை. பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து பறிக்கலாம், ஏப்ரல் வெயிலுக்கு முன் பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஒக்டோபர், நவம்பர் கொழும்பில் கொட்டித் தீர்க்கிற மாதங்கள் என்பதை மறக்கக் கூடாது. நாற்றுத் தட்டு கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும், ஆனால் வெளிச்சம் படும் இடத்தில். டிசம்பரில் மழை குறையத் தொடங்கும்போது சாடியை வெளியே கொண்டுபோகலாம்.

இரண்டாவது தெரிவு ஜூன் கடைசியில் விதைப்பது. தென்மேல் பருவமழையின் மோசமான பகுதி போய்விட்டிருக்கும். ஆனால் ஓகஸ்ட் இரவுகள் ஜனவரி இரவுகளைப் போல இறங்குவதில்லை, காய் குறையும். பெப்ரவரி, மார்ச்சில் மட்டும் விதைக்காதீர்கள். பூக்கும் நேரத்தில் சூடும் மே மாத மழையும் சேர்ந்து வரும்.

என் பல்கனி போதுமா? வெயில் எவ்வளவு வேண்டும்?

நேரடி வெயில் நாளுக்கு ஆறு மணித்தியாலம். ஐந்து என்றாலும் செர்ரி தக்காளியை முயன்று பார்க்கலாம். அதற்குக் கீழே என்றால் வல்லாரையோ பொன்னாங்காணியோ வையுங்கள், மனம் நோகாது.

பல்கனி எந்தத் திசை பார்க்கிறது என்பது பலர் கவனிக்காத விஷயம். கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருப்பதால் வருடத்தின் நடுவில் சூரியன் நமக்கு வடக்காகவும், ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை தெற்காகவும் செல்கிறது. டிசம்பர், ஜனவரியில் தெற்குப் பார்த்த பல்கனிக்கு நல்ல வெயில் உள்ளே வரும். ஜூன் மாதத்தில் வெயில் விழுந்ததைப் பார்த்து வடக்குப் பல்கனியில் இடம் குறித்து வைத்தீர்களானால் தக்காளிக் காலத்தில் அங்கே நிழல்தான் இருக்கும். கிழக்குப் பக்கம் காலை வெயிலுக்கு நல்லது. மேற்குப் பக்கமும் பரவாயில்லை, ஆனால் மரைன் டிரைவ் ஓரக் கட்டடங்களில் உப்புக் காற்று இலை நுனியைக் கருக்கும். அங்கே ஒரு வலை கட்டி, காற்று பலமாக அடித்த நாட்களில் இலையை நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள்.

எந்த வகை வாங்குவது?

இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, குட்டையாக நின்றுவிடும் வகையா, கொடி போல ஓடிக்கொண்டே போகும் வகையா. சாடிக்கும் பல்கனிக்கும் குட்டை வகை வசதி. இரண்டு, பக்டீரியா வாடல் நோயைத் தாங்குமா. கொழும்பு போன்ற சூடான ஈரப் பிரதேசத்துக்கு இது முக்கியம், விதைப் பக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதியிருப்பார்கள். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட திலின, மஹேஷி, ராஜித போன்ற உள்ளூர் வகைகள் விதைக் கடைகளில் கிடைக்கும். படம் அழகாக இருக்கிறது என்று வெளிநாட்டுப் பெரிய தக்காளி விதையை இணையத்தில் வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அவற்றில் பல குளிர் இரவுக்குப் பழகியவை.

முதல் முறை என்றால் என் தெரிவு செர்ரி தக்காளி. பெரிய பழ வகைகள் திணறும் சூட்டிலும் அது பொதுவாகக் காய்க்கும்.

விதை போடுவதா, கன்று வாங்குவதா?

கன்று வாங்குவது சுலபம். பத்தரமுல்லை தியத உயன பக்கத்து நாற்றுக் கடைகளிலும் நகரில் வேறு பல இடங்களிலும் கிடைக்கும். வாங்கும்போது பூ விட்ட பெரிய கன்றைத் தேடாதீர்கள். நான்கைந்து இலையோடு, தண்டு தடிப்பாக, ஒரு சாண் உயரத்துக்கு உட்பட்டது நல்லது. இலையைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளை ஈ பறந்தால் அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

விதை என்றால் அரை அங்குல ஆழம் போதும், அதைவிடக் குறைந்தாலும் பரவாயில்லை. முளைத்ததும் நிழலில் விட்டால் வெளிச்சம் தேடி நூல் போல நீண்டு சரியும். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். நாற்றின் அடித்தண்டு மண் மட்டத்தில் சுருங்கிக் கறுத்து, கன்று படுத்துவிட்டால் அது நாற்றழுகல். ஈரம் கூடியதால் வருவது. மேல்மண் லேசாகக் காய்ந்த பின்னரே மறுபடி தண்ணீர் தெளியுங்கள்.

சமைக்க வாங்கிய தக்காளியின் விதை முளைக்குமா?

முளைக்கும். சாறோடு ஒரு கோப்பையில் இரண்டு நாள் வைத்து, மேலே நுரை கட்டியதும் கழுவிக் காயவைத்தால் விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு போய்விடும். ஆனால் சந்தைக்கு வரும் பழங்களில் பல கலப்பின வகை. அவற்றின் விதையிலிருந்து வரும் செடி தாயைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. விளையாட்டாகச் செய்து பார்க்கலாம், இடம் இரண்டு சாடிக்குத்தான் என்றால் வேண்டாம்.

எவ்வளவு பெரிய சாடி? எந்த மண்?

ஒரு செடிக்கு 15 முதல் 20 லீற்றர். காலியான பெரிய பெயின்ட் வாளி அந்த அளவுதான், நன்றாகக் கழுவி அடியில் விரல் தடிப்பில் ஏழெட்டுத் துளை போடுங்கள். பழைய உரப்பையை மடித்தும் வைக்கலாம். செர்ரிக்கு 10 லீற்றர் போதும். சின்னப் பூச்சாடியில் வைத்த செடி ஜனவரி வரை நன்றாக இருந்துவிட்டுப் பெப்ரவரி வெயிலில் மத்தியானமே சோர்ந்து தொங்கும், வேருக்கு இடம் இல்லை.

கலவை: மண் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூளை இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்து எடுங்கள். முதல் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வரும், அதோடு உப்பும் வரும். கொழும்பை அண்டிய செம்மண், கபுக் மண் பொதுவாக அமிலத் தன்மை உள்ளது. நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் சாடிக்கு ஒரு சிறங்கை டொலமைட் கலந்துவிட்டால் அமிலமும் குறையும், கல்சியமும் கிடைக்கும். கட்டிட வேலையில் மிஞ்சிய மணல், சுண்ணாம்புக் குப்பை எல்லாம் கலக்காதீர்கள்.

இன்னொன்று: நனைந்த 20 லீற்றர் சாடி இருபது கிலோவுக்கு மேல் பாரம். பல்கனிக் கம்பியில் தொங்கவிடக் கூடாது, கீழ் வீட்டுக்காரரின் தலை முக்கியம்.

சாடிக்குக் கீழே தட்டு வைக்கலாமா?

வைக்காமல் இருப்பது நல்லது. தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு கிழமையில் பறக்கும் நுளம்பாகிவிடும். வீட்டுக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் எட்டிப் பார்ப்பதே பூச்சாடித் தட்டுகளைத்தான். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்குத் தொடரவும் முடியும். தரை பழுதாகிறது என்றால் தட்டில் மணல் நிரப்பி அதன்மேல் சாடியை வையுங்கள். மணலுக்கு மேலே தண்ணீர் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சேமிக்கும் வாளிக்கும் மூடி வேண்டும்.

வீட்டு நிலத்திலேயே வைக்கலாமே?

வைக்கலாம், ஆனால் அந்த இடத்தில் முன்பு கத்தரி, மிளகாய், கறிமிளகாய், தக்காளி இருந்ததா என்று விசாரியுங்கள். எல்லாம் ஒரே குடும்பம், எல்லாவற்றுக்கும் பக்டீரியா வாடல் வரும். அந்தக் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும், மருந்து அடித்துப் போக்க முடியாது.

அதை அடையாளம் காண்பது எளிது. நேற்று வரை செழிப்பாக நின்ற செடி, இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே திடீரென்று துவளும். முதல் நாள் மாலையில் எழுந்து நிற்பது போலத் தெரியும், இரண்டு மூன்று நாளில் எழும்பவே எழும்பாது. அடித்தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுனை தண்ணீரில் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற மெல்லிய நூல் கீழே இறங்கினால் அது பக்டீரியா வாடல்தான். நூல் வராவிட்டால் வேர் அழுகலாக இருக்கலாம், தண்ணீர் கூடிவிட்டதா என்று பாருங்கள்.

வாடல் உறுதியானால் செடியை வேரோடும் சுற்றி உள்ள மண்ணோடும் அகற்றுங்கள், கூட்டெருக் குழியில் போடாதீர்கள். கத்தியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அந்த இடத்தில் அடுத்த சில வருடங்களுக்குப் பயற்றங்காய், வெண்டி, கீரை என்று வேறு குடும்பத்தை வையுங்கள். கத்தரி வேரில் ஒட்டிய தக்காளிக் கன்று எங்காவது கிடைத்தால் விலை கூட என்றாலும் வாங்கலாம், வாடலை நன்றாகத் தாங்கும். கிடைக்காவிட்டால் சாடிதான் பாதுகாப்பு. சாடியில் ஒன்று போனால் ஒன்றோடு போகும்.

கன்றை எவ்வளவு ஆழம் நடுவது?

தண்டின் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகட்டும், கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு. புதைந்த தண்டிலிருந்தும் வேர் வரும். ஒட்டுக் கன்று என்றால் மட்டும் ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். மாலையில் நடுங்கள், ஊன்றுகம்பையும் அப்போதே நடுங்கள். பிறகு குத்தினால் வேர் அறும்.

தண்ணீர் எப்போது, எவ்வளவு?

விரலை இரண்டு கணு மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரம் பட்டால் விடுங்கள். பெப்ரவரியில் காய் பிடித்த பெரிய செடிக்கு நாளுக்கு ஒன்றரை இரண்டு லீற்றர் வேண்டிவரும். காலையில், அடியில், இலை நனையாமல். மத்தியானம் சோர்ந்து மாலையில் நிமிர்கிற செடி சில நேரம் சூட்டுக்குத்தான் அப்படிச் செய்கிறது, அதைப் பார்த்துப் பதறி மறுபடியும் ஊற்றுவதால் வேர் அழுகும். மேல்மண்ணைக் காய்ந்த இலையாலோ தென்னந்தும்பாலோ மூடிவிட்டால் ஈரம் நிற்கும்.

உரம் போடாமல் கூட்டெருவோடு மட்டும் முடியுமா?

நல்ல கூட்டெரு என்றால் பூக்கும் வரை ஓரளவு ஓடும். சாடியில் காய் பிடித்த பிறகு போதாது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோதும், 2022இல் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னபோதும் ஆளுக்கொரு சேதன உரக் குறிப்பு சொல்லித் திரிந்தோம். அவற்றில் சில நல்லவை, பல வெறும் பேச்சு. வாழைப்பழத்தோலை ஊறவைத்த தண்ணீரில் பெரிதாக எதுவும் இல்லை, தோலை நேரே கூட்டெருவில் போடுங்கள். முட்டைக் கோது மண்ணில் கரைய மிக நீண்ட காலம் எடுக்கும், இந்தப் பருவத்துச் செடிக்கு அது உதவாது.

வீட்டுத்தோட்டக்காரர் பலர் பாவிப்பது அல்பர்ட் கரைசல் உரம். தண்ணீரில் கரைத்து ஊற்றலாம், நுண்ணூட்டங்களும் அதில் உண்டு. பக்கெட்டில் உள்ள அளவை மீறாதீர்கள். யூரியாவைத் தனியே போட்டால் செடி காடாக வளரும், பூவைத் தேட வேண்டியிருக்கும்.

பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டுமா?

கொடி வகை என்றால் ஆம். இலைக்கும் தண்டுக்கும் நடுவே வரும் தளிரை விரல் நீளத்துக்குள் கிள்ளிவிட்டு ஒன்று இரண்டு தண்டாக ஏற்றுங்கள். குட்டை வகையில் கிள்ளினால் காயைத்தான் கிள்ளுகிறீர்கள். இரண்டிலும் தரையைத் தொடும் கீழ் இலைகளை எடுத்துவிடுங்கள், மண் தெறித்து வரும் புள்ளி நோய் குறையும். கட்டுவதற்குப் பழைய சேலைக் கிழிசல் நைலோன் நூலைவிட நல்லது, தண்டை அறுக்காது.

பூ நிறைய வருகிறது, எல்லாம் உதிர்கிறது. ஏன்?

மாதம் ஏப்ரல், மே என்றால் காரணம் மேலே சொன்னதுதான். ஜனவரியிலும் உதிர்ந்தால் வெயில் குறைவா, நைதரசன் கூடவா, தண்ணீர் ஒரு நாள் வெள்ளம் ஒரு நாள் வறட்சி என்று போகிறதா எனப் பாருங்கள். தக்காளிப் பூ தன்மகரந்தச் சேர்க்கை உடையது, ஆனால் அசைவு வேண்டும். ஏழாம் மாடியில் கண்ணாடி மூடிய பல்கனிக்குக் காற்றும் வராது, வண்டும் வராது. காலை ஒன்பது பத்து மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். பழைய மின்சாரப் பல்துலக்கி இருந்தால் அதன் பின்பக்கத்தைக் காம்பில் தொட்டாலும் சரி, வீட்டில் யாரும் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

இலை சுருள்கிறது. வைரஸா?

எந்த இலை என்று பாருங்கள். கீழேயுள்ள முதிர்ந்த இலை தடிப்பாகி மேல்நோக்கிக் குழல் போல உருண்டால் வெயிலாலும் தண்ணீர்க் குறையாலும் வந்தது, பயமில்லை. நுனித் தளிர் சிறுத்து, ஓரம் மஞ்சளித்து, கிண்ணமாகச் சுருண்டு, செடி வளர்ச்சி நின்றுவிட்டால் அது இலைச்சுருள் வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவருவது. அந்தச் செடிக்கு மருந்து இல்லை, பிடுங்கி ஒரு பையில் கட்டி அகற்றுங்கள். மற்றச் செடிகளைக் காப்பாற்ற, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள், கிழமைக்கு ஒரு தடவை. நாற்றுப் பருவத்தில் நுளம்பு வலையால் மூடி வைப்பது இதைவிடப் பலன் தரும்.

காயின் அடி கறுத்துத் தட்டையாகிறது. புழுவா?

புழு இல்லை, கிருமியும் இல்லை. காய்க்குக் கல்சியம் போய்ச் சேரவில்லை, பெரும்பாலும் ஒழுங்கற்ற தண்ணீரால். கறுத்ததைப் பறித்து எறிந்துவிட்டு தண்ணீரைச் சீராக்குங்கள், அடுத்த கொத்து சரியாக வரும். நீண்ட வறட்சிக்குப் பின் ஒரு பெருமழை பெய்தால் பழம் வெடிப்பதும் தண்ணீர்க் கணக்குத்தான். வானம் கறுத்தால் நிறம் மாறத் தொடங்கிய காய்களை உடனே பறித்துவிடுங்கள்.

அணில், காகம், நத்தை?

அணிலுக்கும் காகத்துக்கும் வலை, அல்லது முந்திப் பறிப்பது. நத்தையை இரவில் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்துப் பொறுக்க வேண்டும், குறிப்பாக மழை விட்ட இரவில். பெரிய ஆபிரிக்க நத்தை ஒரே இரவில் ஒரு தட்டு நாற்றைத் தின்றுவிடும். வெறுங்கையால் தொடாமல் கையுறை போடுங்கள்.

பழம் சிவக்காமல் செம்மஞ்சளாகவே நிற்கிறது.

30 பாகைக்கு மேலான சூட்டில் சிவப்பு நிறமி குறைவாகவே உருவாகும். அடியில் லேசாக நிறம் மாறியதும் பறித்து வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள், மூன்று நான்கு நாளில் சிவக்கும். காகத்துக்கும் இதுவே மருந்து. பிரிட்ஜில் வைத்தால் பழுப்பதும் நிற்கும், மணமும் போகும்.

ஒரு செடியில் எவ்வளவு கிடைக்கும்? செலவுக்குக் கட்டுப்படியாகுமா?

சாடிச் செடியில் ஒரு கிலோ இரண்டு கிலோ வந்தால் நல்ல விளைச்சல். முதல் வருடம் சாடி, கூட்டெரு, உரம் எல்லாம் கணக்குப் போட்டால் சந்தை மலிவாகத்தான் தெரியும். தக்காளி விலை ஏறும் கிழமைகளில் மட்டும் கணக்கு மாறும். செடியில் பழுத்ததைப் பறித்த கையோடு சொதியில் போடும் சுவைக்கு நான் விலை போட்டுப் பார்த்ததில்லை.

முடிந்த சாடி மண்ணை என்ன செய்வது?

நோய் வந்த மண்ணை மறுபடி தக்காளிக்குப் பாவிக்காதீர்கள். நோய் வராதது என்றால் வேரைப் பொறுக்கி, பங்குக்குப் பாதி கூட்டெரு சேர்த்து, மே மழைக்குக் கீரையோ வெண்டியோ போடுங்கள். அடுத்த நவம்பரில் தக்காளிக்குப் புதுக் கலவை.

இங்கே இல்லாத ஒரு பிரச்சினை வந்தால் யாரைக் கேட்பது?

விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைத் தொலைபேசி இலக்கம் 1920. எடுப்பதற்கு முன் விதைத்த திகதி, வகையின் பெயர், சாடியா நிலமா, எந்த இலையில் முதலில் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.